குகையும் குழம்பும்: புதுக்கோட்டை – காரைக்குடிப் பயணம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியில் கிளம்பி நார்த்தாமலை, குடுமியான்மலை, சித்தன்னவாசல், திருமயம் என்று பார்த்துக்கொண்டே போய்க் காரைக்குடியில் இலை போட்டு உட்காரும் பயணம் இது. நண்பர்களோடு நான் திரும்பத் திரும்பப் போகிற பாதை. படம் அனுப்பினால் போதும், உடனே கேள்விகள் வரும், பெரும்பாலும் அதே கேள்விகள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது, அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டுவிடுகிறேன்.

தஞ்சாவூர், மாமல்லபுரம் எல்லாம் இருக்கும்போது ஏன் இந்தப் பக்கம்?

அங்கேயும் போங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் நண்பர்கள் நாலைந்து பேர் ஒரு காரில் போகும்போது கூட்டத்தில் வரிசையில் நிற்பதைவிட, ஆளே இல்லாத பாறையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதில்தான் சுகம். புதுக்கோட்டையை நடுவில் வைத்தால் அரை மணி, முக்கால் மணி நேர ஓட்டத்துக்குள் கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய சமணப் படுக்கையில் தொடங்கி, முத்தரையர் என்ற சிற்றரசர்கள் பாறையைக் குடைந்து செய்த குடைவரை, இருக்குவேளிர் என்ற இன்னொரு சிற்றரசர் குலம் எழுப்பிய கற்றளி (கல் கோயில்), ராமநாதபுரம் சேதுபதி கட்டிய கோட்டை வரைக்கும் வந்துவிடுகிறது. முடிகிற இடமோ காரைக்குடி. இதைவிட நல்ல ஏற்பாட்டை நாமாக உட்கார்ந்து யோசித்தாலும் செய்ய முடியாது.

எத்தனை நாள் வேண்டும்?

இரண்டு இரவு, மூன்று பகல். முதல் இரவு புதுக்கோட்டை, இரண்டாம் இரவு காரைக்குடி. ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்கப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் மத்தியானம் இரண்டு மணிக்கு நார்த்தாமலைப் பாறையில் நின்றுகொண்டு கால் சுடுகிறது என்று போன் பண்ணுவார்கள்.

இந்தப் பக்கத்தில் நேரத்தை நாம் தீர்மானிப்பதில்லை. பாறை பத்து மணிக்கெல்லாம் கொதிக்க ஆரம்பித்துவிடும். கோயில்கள் பெரும்பாலும் பன்னிரண்டு மணி வாக்கில் நடை சாத்தினால் நாலு மணிக்கு மேல்தான் திறப்பார்கள். நல்ல மெஸ்ஸில் இரண்டரை மணிக்குப் போனால் கறி தீர்ந்திருக்கும், ரசமும் மோரும்தான் மிஞ்சும். இந்த மூன்றையும் சேர்த்துப் பாருங்கள், அட்டவணை தானாக வந்துவிடும்: காலையில் மலை, மதியம் இலை, அப்புறம் ஒரு தூக்கம், மாலையில் கோயில். ஒரு நாளைக்கு இரண்டு இடம், ஒரு முழுச் சாப்பாடு. அதற்குமேல் திணித்தால் எதுவுமே மனதில் நிற்காது.

சரி, எந்த வரிசையில் போவது?

திருச்சி – புதுக்கோட்டை சாலையில் விடியற்காலையில் கிளம்புங்கள். திருச்சி விமான நிலையமே அந்தச் சாலையில்தான் இருக்கிறது, அதனால் சிங்கப்பூரிலிருந்து வரும் நண்பரை அழைத்துக்கொண்டு அப்படியே போய்விடலாம். முதல் நாள் காலை நார்த்தாமலை, மதியம் புதுக்கோட்டையில் சாப்பாடு, மாலை குடுமியான்மலை. இரண்டாம் நாள் காலை சித்தன்னவாசல், திரும்பப் புதுக்கோட்டை வந்து சாப்பாடு, மாலை திருமயம், இருட்டும்போது காரைக்குடி. மூன்றாம் நாள் செட்டிநாட்டு வீடுகள், ஆத்தங்குடி, மதியச் சாப்பாடு, அப்புறம் ஊர் திரும்பல். புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடி ஏறக்குறைய 40 கிலோமீட்டர், திருமயம் நடுவழியில் வருகிறது. ஓட்டுகிறவருக்குச் சிரமமே இல்லாத பாதை.

நார்த்தாமலையில் அப்படி என்னதான் இருக்கிறது?

ஊருக்குள் கேட்டால் முத்துமாரியம்மன் கோயிலைத்தான் காட்டுவார்கள். பங்குனித் திருவிழாவின்போது அந்தப் பக்கம் கார் நுழையவே முடியாது. நீங்கள் கேட்க வேண்டியது மேலமலை. கீழே காரை நிறுத்திவிட்டு மொட்டைப் பாறையில் நடந்தே ஏற வேண்டும், பெரிய ஏற்றமெல்லாம் இல்லை. வழியில் தலையருவிச் சிங்கம் என்று ஒரு சுனை வரும். அந்த நீருக்கடியில் ஒரு குடைவரைச் சன்னதியும் லிங்கமும் இருக்கின்றன. 1857-இல் புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமான் அரண்மனை ராணி சுனை நீரை இறைக்கச் செய்து கும்பிட்டதாகப் பக்கத்துப் பாறையில் வெட்டி வைத்திருக்கிறார்கள். நாம் போகும்போது தெரிவது பச்சைத் தண்ணீர்தான், ஆனால் அடியில் ஒரு கோயில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு அதைப் பார்ப்பது வேறு மாதிரி இருக்கும்.

மேலே போனால் விஜயாலய சோழீசுவரம். கருவறை வட்டம், அதைச் சுற்றிய வெளிச்சுவர் சதுரம், இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆள் சுற்றி வரும் அளவுக்கு இடைவெளி. உள்ளே ஒரு சுற்று நடந்து பாருங்கள், ஒரு தோள் வளைந்த சுவரையும் இன்னொரு தோள் நேர்ச்சுவரையும் உரசிக்கொண்டே வரும், கட்டியவர் என்ன நினைத்தார் என்பது புத்தகம் படிக்காமலே புரிந்துவிடும். பேர் சோழன் பேர். ஆனால் அங்குள்ள கல்வெட்டு, சாத்தன் பூதி என்ற இளங்கோவதியரையன் கட்டியது, மழையில் இடிந்தது, பிறகு மல்லன் விடுமன் என்பவன் புதுப்பித்தான் என்று சொல்கிறது. அதனால் இது முத்தரையர் கோயிலா சோழர் கோயிலா என்று வாதம் உண்டு. எங்கள் கூட்டத்தில் இந்த வாதம் கீழே இறங்கிச் சாப்பாட்டு இலை வரும்வரை ஓடும்.

கோயிலுக்கு எதிரே பாறையில் இரண்டு குடைவரைகள். சிறியது பழியிலி ஈசுவரம். பெரியதை உள்ளூரில் சமணர் குடகு என்பார்கள், உள்ளே போய்ப் பார்த்தால் சுவர் நெடுக ஆளுயரத்தில் பன்னிரண்டு விஷ்ணு, ஒரே அச்சில் வார்த்தது போல நிற்கிறார்கள். வெளியே மேடையின் அடியில் யானையும் யாளியும் வரிசையாக ஓடுகின்றன. காலை ஏழரை மணி வெயில் நேராக அந்தப் பக்கம் விழும்போது பார்த்தால்தான் அழகு. ஒன்பதரைக்குள் இறங்கிவிடுங்கள்.

குடுமியான்மலை இசைக் கல்வெட்டு எனக்கென்ன புரியப்போகிறது? சங்கீதம் தெரியாதே?

எனக்கும் தெரியாது. மேலைக்கோயில் என்கிற குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில், ஆளைவிட உயரமாக, பல்லவ கிரந்த எழுத்தில் ஸ்வரங்களை வரி வரியாக வெட்டியிருக்கிறார்கள். சுமார் ஏழாம் நூற்றாண்டு என்கிறார்கள். மத்தியமகிராமம் தொடங்கி ஏழு பண் வகைகளுக்கான ஸ்வரக் கோவைகள் அதில் உள்ளன. உருத்திராசாரியரின் மாணவனான ஒரு அரசன் எழுதியது என்று அதிலேயே இருக்கிறது, ஆனால் அரசன் பேர் இல்லை, அதனால் மகேந்திரவர்மனா வேறு யாராவதா என்று இன்னும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நமக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும், எழுத்து எப்படிக் கட்டம் கட்டமாகச் சேர்த்து நிறுத்தப்பட்டிருக்கிறது என்று உற்றுப் பாருங்கள். பாடம் நடத்துவதற்கென்றே எழுதியது என்பது தெரியும். எங்கள் நண்பர் ஒருவர் மிருதங்கம் வாசிப்பவர், அவர் அங்கே போனால் அரை மணி நேரம் யாரோடும் பேச மாட்டார்.

கோயில் மண்டபத் தூண்களை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். நாயக்கர் காலத்து ரதி, மன்மதன், குதிரை வீரன், பத்துத் தலை இராவணன் எல்லாம் ஆளுயரச் சிற்பங்கள். அங்குள்ள சாமி சிகாநாதருக்குக் குடுமி வந்த கதையை அர்ச்சகரிடம் கேளுங்கள். சாமிக்கு வைத்த பூவைத் தன் ஆசை நாயகிக்குக் கொடுத்துவிட்ட ஒரு அர்ச்சகர், திடீரென்று வந்து நின்ற ராஜாவுக்கு அதையே பிரசாதமாகக் கொடுக்க, பூவில் தலைமுடி, ‘சாமிக்குக் குடுமி உண்டு மகாராஜா’ என்று ஒரு போடு போட்டுவிட்டார். சாமியும் கைவிடவில்லை. இந்தக் கதையை இன்னொரு அர்ச்சகர் வாயாலேயே கேட்பதில்தான் ருசி.

சித்தன்னவாசலில் மலை ஏறித்தான் ஆக வேண்டுமா?

ஓவியம் இருக்கும் அறிவர் கோயிலுக்கு ஏற்றம் குறைவு, யாரும் போகலாம். சமணப் படுக்கைகள் இருக்கும் ஏழடிப்பட்டத்துக்குத்தான் ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழே மரத்தடியில் இருந்துகொள்ளட்டும், மற்றவர்கள் கட்டாயம் ஏறுங்கள். படி ஏறி மலையின் மறுபக்கம் போனால் பாறைச் சரிவில் ஒற்றையடி அகலத்துக்கு ஒரு வழி, இப்போது கம்பி கட்டியிருக்கிறார்கள். அதைக் கடந்தால் தாழ்ந்த பாறைக் கூரைக்குக் கீழே பதினேழு கல் படுக்கைகள். தலைமாட்டில் தலையணை போலக் கல்லை உயர்த்திவிட்டு மற்ற இடத்தை வழவழவென்று தேய்த்திருக்கிறார்கள். பெரிய படுக்கையின் ஓரத்தில் தமிழ் பிராமி எழுத்து: எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த ஒருவருக்குச் சிறுபாவில் இளையர் என்பவர் செய்து கொடுத்த இருக்கை என்று. ஏறக்குறைய கி.மு. முதல் நூற்றாண்டு. அரசன் பேர், பட்டம், போர் எதுவும் இல்லை. ஒருத்தர் இன்னொருத்தருக்குப் படுக்கை செய்து கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான் செய்தி.

கீழே அறிவர் கோயிலில் அண்ணாந்து பாருங்கள். கூரை முழுக்கத் தாமரைக் குளம், இலைகளுக்கு நடுவில் மீன், அன்னம், யானை, எருமை, பூப்பறிக்கும் ஆட்கள் மூவர், ஒருவர் கையில் பூக்கூடை. ஒன்பதாம் நூற்றாண்டில் பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் திருப்பணி செய்ததை வெளியே பாட்டாகவே வெட்டியிருக்கிறார்கள். தூணில் இருக்கும் ஆடல் பெண்கள் நிறைய மங்கிவிட்டார்கள், கண் இருட்டுக்குப் பழகும்வரை கொஞ்சம் பொறுத்துப் பார்க்க வேண்டும். கருவறைக்குள் வாயை மூடிக்கொண்டு ‘ம்’ என்று மெதுவாக இழுத்துப் பாருங்கள், அறை முழுக்க ரீங்காரம் எழும். உள்ளே படம் எடுப்பது பற்றிக் காவலர் என்ன சொல்கிறாரோ அதைக் கேளுங்கள், வாக்குவாதம் வேண்டாம். அந்தக் கூரைக்கு நம் செல்போன் வெளிச்சம் எந்த நன்மையும் செய்யப்போவதில்லை.

புதுக்கோட்டையில் மதியம் எங்கே சாப்பிடுவது?

கடை பேர் சொல்ல மாட்டேன், சமையல்காரர் மாறினால் எல்லாம் மாறிவிடும். எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்கிறேன். பேருந்து நிலையத்தைச் சுற்றி, கோர்ட், ஆபீஸ் பக்கம் எங்கே பன்னிரண்டரைக்கே வெள்ளைச் சட்டைக்காரர்கள் கை கழுவிக்கொண்டு நிற்கிறார்களோ அங்கே நுழைந்துவிடுங்கள். தட்டில் வறுவல் வகைகளை வைத்து மேசைக்கே கொண்டுவந்து காட்டும் மெஸ் என்றால் அனேகமாக ஏமாற்றம் இருக்காது. குழம்பை ஒன்றன்பின் ஒன்றாகக் கேளுங்கள்: முதலில் கோழிக் குழம்பு, அப்புறம் மீன் குழம்பு, பிறகு ரசம், மோர். எல்லாவற்றையும் ஒரே சோற்றில் ஊற்றிப் பிசைகிற நண்பரை அடுத்த மேசைக்கு அனுப்பிவிடலாம்.

செட்டிநாட்டுச் சாப்பாடு என்றால் வாய் எரியும் காரம்தானே?

சென்னை ஹோட்டல் பலகையைப் பார்த்து வந்த நினைப்பு இது. மிளகாய்த்தூளும் எண்ணெயும் கொட்டிச் சிவப்பாக்கிவிட்டால் அதற்குப் பேர் செட்டிநாடு என்றாகிவிட்டது. நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார் வீட்டுச் சமையலில் முன்னால் நிற்பது வாசனைதான். மிளகு, சோம்பு, கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ எல்லாம் அளவோடு சேர்ந்து, அன்றன்றைக்கு வறுத்து அரைத்தது. வெண்டைக்காய் மண்டி சாப்பிட்டுப் பாருங்கள், அரிசி களைந்த தண்ணீரில் புளி கரைத்து வைப்பது, புளிப்பும் லேசான காரமும்தான், மசாலா வாடையே இருக்காது. உப்புக்கறிக்கும் வரமிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு, உப்பு தவிரப் பெரிதாக எதுவும் போடுவதில்லை. காலையில் இட்லிக்கோ இடியாப்பத்துக்கோ கோஸ்மல்லி கேளுங்கள், கத்தரிக்காயை வேகவைத்து மசித்துப் புளி சேர்த்தது. கவுனி அரிசி கிடைத்தால் விடாதீர்கள். வேகவைத்ததும் கருஞ்சிவப்பாகிவிடும் இந்த அரிசியைச் சர்க்கரை, தேங்காய்த் துருவல், நெய் சேர்த்துக் கிளறித் தருவார்கள். பர்மா வியாபாரக் காலத்திலிருந்து விருந்து இலையில் முதலில் விழும் இனிப்பு அது.

ஒரே ஒரு பலகாரம்தான் சாப்பிட முடியும் என்றால்?

வெள்ளைப் பணியாரம். யோசிக்கவே வேண்டாம்.

காரைக்குடியில் சாயங்காலம் எண்ணெய்ச் சட்டி வைத்திருக்கும் கடையாகப் பார்த்து நில்லுங்கள். அளவு எல்லோரும் ஒன்றேதான் சொல்வார்கள்: டம்ளரில் பச்சரிசியைத் தலைதட்டி எடுத்து, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவித்துக்கொள்ள வேண்டும். இரண்டையும் சேர்த்து ஊறவைத்து நைசாக அரைத்து, கொஞ்சம் பால் விட்டுக் கரைத்து, ஒரு கரண்டி மாவை எண்ணெயில் ஊற்றினால் முதலில் அடியில் போகும், அப்புறம் தானே மேலே வந்து ஓரம் விரிந்து நடு உப்பி நிற்கும். திருப்பிப் போட்டு, நிறம் மாறும் முன் எடுத்துவிட வேண்டும். சிவந்துவிட்டால் கடைக்காரரே அதை ஓரமாகத் தள்ளிவிடுவார். தொட்டுக்கொள்ள வரமிளகாயும் தக்காளியும் அரைத்த காரத் துவையல். சூடாக இருக்கும்போதே, நின்றுகொண்டே சாப்பிடுங்கள். பார்சல் வாங்கி அறைக்குக் கொண்டுபோனால் எண்ணெய் குடித்த அப்பளமாகிவிடும்.

கூட்டத்தில் ஒருவர் சைவம். அவருக்குக் கஷ்டமா?

அவருக்குத்தான் அதிக லாபம். மண்டி, பணியாரம், சீயம், கந்தரப்பம், கும்மாயம், பால் பணியாரம் எல்லாம் சைவம். நகரத்தார் சமையலின் நல்ல பாதி அங்கேதான் இருக்கிறது. மெஸ்ஸில் மட்டும் தனிக் கரண்டியா என்று கேட்டுக்கொள்ளட்டும்.

திருமயம் கோட்டை மட்டும் பார்த்தால் போதுமா?

கோட்டைக்காகத்தான் எல்லோரும் நிறுத்துகிறார்கள். 1687-இல் கிழவன் சேதுபதி கட்டியது, கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பேரைச் சேர்த்து ஊமையன் கோட்டை என்றும் சொல்வார்கள். மேலே ஒரு பீரங்கி, நாலு பக்கமும் காற்று, படம் எடுக்க நல்ல இடம். ஆனால் அதே பாறையின் அடியில் அடுத்தடுத்து இரண்டு குடைவரைக் கோயில்கள் இருப்பதைப் பாதிப் பேர் பார்க்காமலே போய்விடுகிறார்கள். ஒன்று சிவன், ஒன்று பெருமாள். பெருமாள் கோயிலில் அனந்தசயனம் பாறையிலேயே வெட்டியது, தீபம் காட்டும்போது அர்ச்சகர் தலைப்பக்கத்திலிருந்து கால்பக்கம் வரை நடந்துதான் காட்ட வேண்டியிருக்கும், அவ்வளவு நீளம். இரண்டு கோயில்காரர்களுக்கும் வருமானம், நிலம் என்று பெரிய சண்டை நடந்து, 1245-இல் கர்நாடகத்துப் போசள அரசின் தளபதி அப்பண்ணன் வந்து பஞ்சாயத்துப் பண்ணித் தீர்த்து வைத்ததைக் கல்வெட்டாகவே போட்டிருக்கிறார்கள். கோட்டைப் பைரவர் கோயிலில் நிறுத்தித் தேங்காய் உடைப்பது வண்டிக்காரர்களின் வழக்கம், உங்கள் டிரைவர் நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள்.

செட்டிநாட்டு வீடுகளுக்குள்ளே விடுவார்களா?

பெரும்பாலானவை பூட்டித்தான் கிடக்கும், பங்காளிகள் வெளியூரில் இருப்பார்கள், கல்யாணம், பொங்கல் என்றால்தான் திறப்பார்கள். சில வீடுகளில் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டுகிறார்கள். கானாடுகாத்தானில் தெருத்தெருவாக நடந்தாலே போதும். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முகப்பு, வளவு என்கிற நடுமுற்றம், இரண்டாங்கட்டு, அடுப்படி என்று நேர்கோட்டில் பார்வை போய்க்கொண்டே இருக்கும். தூணெல்லாம் பர்மாத் தேக்கு, சுவர்ப் பூச்சில் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு.

ஆத்தங்குடியில் டைல்ஸ் போடும் பட்டறையில் ஒரு அரை மணி நேரம் நில்லுங்கள். கண்ணாடித் துண்டின் மேல் அச்சை வைத்து, வண்ண சிமெண்ட் கலவையைக் கையாலேயே ஒவ்வொரு கட்டத்திலும் ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்திவிடுகிறார்கள். சூளையே கிடையாது, தண்ணீரில் ஊறவைத்துக் காயவிடுவதுதான். பளபளப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருவது.

கொடும்பாளூரை விட்டுவிட்டீர்களே?

அது திருச்சி – மதுரை நெடுஞ்சாலைப் பக்கம், விராலிமலையைத் தாண்டி. மதுரையிலிருந்து வருபவர்கள் போகும்போதே பார்த்துவிடலாம், மற்றவர்கள் திரும்பும்போது கொஞ்சம் சுற்றிக்கொண்டு வரலாம். பத்தாம் நூற்றாண்டில் இருக்குவேளிர் அரசன் பூதி விக்கிரமகேசரி தன் பேரிலும், கற்றளி, வரகுணை என்ற இரண்டு தேவியர் பேரிலும் மூன்று கோயில் கட்டினான், இப்போது நிற்பது இரண்டு. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும்தான். கோவலனும் கண்ணகியும் மதுரைக்குப் போகும் வழியில் பாதை மூன்றாகப் பிரிவதாகச் சிலம்பு சொல்லும் ‘கொடும்பை’ இந்த ஊர்தான்.

எந்த மாதம் நல்லது?

மார்கழி, தை. மழை முடிந்து கண்மாய்கள் நிரம்பியிருக்கும், பாறையும் கொஞ்சம் தாமதமாகத்தான் சுடும். தை பிறப்பதை ஒட்டிப் புதுக்கோட்டை மாவட்டம் முழுக்க ஜல்லிக்கட்டு, அந்த நாட்களில் சாலையில் மாடு ஏற்றிய வண்டிகளுக்கு வழி விட்டுத்தான் போக வேண்டும், அறையும் லேசில் கிடைக்காது. சித்திரை, வைகாசியில் மட்டும் வேண்டாம். வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தால் புதுக்கோட்டை அருங்காட்சியகத்தை எதிர்பார்க்காதீர்கள், அன்று விடுமுறை.

காரில் சண்டை வராமல் இருக்க?

கிளம்பும்போதே ஆளுக்கு ஒரு தொகை போட்டு ஒரே ஆளிடம் கொடுத்துவிடுங்கள், பெட்ரோல், சாப்பாடு, நுழைவுச் சீட்டு எல்லாம் அதிலிருந்து. முன் சீட்டில் உட்காருபவர் தூங்கக் கூடாது, வழி சொல்ல வேண்டும். வரலாறு பேசுகிறவருக்கு ஒரு இடத்துக்குப் பத்து நிமிடம் போதும், மீதியை இரவு பேசிக்கொள்ளலாம். ராத்திரி மொட்டை மாடியில் குடித்தவர் காலையில் வண்டி எடுக்கக் கூடாது, இதில் மட்டும் யார் கெஞ்சினாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

வீட்டுக்கு என்ன வாங்குவது?

காரைக்குடியில் தேன்குழல், சீப்புச்சீடை, மனகோலம். இவை நாட்பட்டாலும் தாங்கும். கண்டாங்கிச் சேலை வாங்கினால் வீட்டில் நல்ல பேர் கிடைக்கும், அதற்கு 2019-இல் புவிசார் குறியீடும் வந்துவிட்டது. டைல்ஸ் வாங்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள், கார் டிக்கி தாங்காது. கொடும்பாளூர் வழியாகத் திரும்பினால் மணப்பாறைப் பக்கம் எட்டிப் பார்த்து முறுக்கு வாங்கிக்கொள்ளலாம்.

இன்னும் ஒரு நாள் இருந்தால்?

ஆவுடையார்கோயில். அறந்தாங்கி போய் அங்கிருந்து பக்கம்தான். மாணிக்கவாசகரின் திருப்பெருந்துறை. கொடிமரம் கிடையாது, நந்தி கிடையாது, கருவறையில் லிங்கமும் கிடையாது, லிங்கத்தைத் தாங்கும் பீடமான ஆவுடையார் மட்டும்தான். கொடுங்கை என்கிற கல் கூரையைக் கீழிருந்து பாருங்கள், மரச்சட்டமும் கம்பியும் ஆணியும் வைத்து அடித்தது மாதிரி எல்லாவற்றையும் கல்லிலேயே இழைத்திருக்கிறார்கள். நைவேத்தியம் புழுங்கலரிசிச் சோறு, கீரை, பாகற்காய். ஆவி பறக்கப் படைகல் என்கிற கல் மேடையில் கொட்டுவார்கள், அந்த ஆவிதான் சாமிக்கு. அதைப் பார்த்த பிறகு நமக்கும் பசிக்கும். நேராகக் கிழக்கே ஓட்டினால் மீமிசல், கோட்டைப்பட்டினம் பக்கம் கடல் வந்துவிடும், அங்கே மீன் குழம்பும் நண்டும் கிடைக்கும். ஆனால் ஒன்றரைக்குள் போய்விடுங்கள்.